இரண்டு கிளினிக் கொப்பிகள்

என் மகளுடைய குடல்வால் அவள் வயிற்றிலேயேதான் இருக்கிறது. யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு மேலாக மன்னார்ப் பள்ளிமுனை ஊர் முழுவதற்கும் நான் சொல்லி வந்த அப்பன்டிக்ஸ் ஒப்பரேஷன் நடக்கவேயில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் தள்ளினால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஜெனிற்றா இப்போது உள்ளறையில் படுத்திருக்கிறாள். மாதாந்த மருந்து ஏற்றி இரண்டு நாள் ஆகிறது. வாந்தி நின்றுவிட்டால் நாள் முழுக்கத் தூங்குவாள். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் எழுதுகிறேன். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் வாசித்தால் போதும்.

நான் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். மாதவிடாய் பற்றிய பாடம் வரும்போது பெடியன்களை வெளியே அனுப்பாமல் படிப்பிக்கிற ரீச்சர் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அதே நான்தான், பதினான்கு வயதில் ஜெனிற்றா குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தபோது, பொம்பிளைப் பிள்ளையெண்டால் இதெல்லாம் வாறதுதான், எழும்பி வெந்நீர் குடி என்று சொன்னேன். ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டாள். ஏ.எல். உயர்தரச் சோதனையில் ஒரு பாடத்தைப் பாதியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். படிக்கவில்லை, அதுதான் சாட்டுச் சொல்லுகிறாள் என்று ஏசினேன்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதானபோது, தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருக்கையில் மயங்கி விழுந்தாள். சனம் ஓடிவந்து தூக்கியது. பிள்ளை ஒருசந்தி பிடிச்சிருக்கும், சாப்பிடாமல் வந்திருக்கும் என்று பின்னால் நின்ற ஒருவர் சொன்னார். உண்மையில் அவள் காலையில் மூன்று இடியப்பம் சாப்பிட்டிருந்தாள். அவளுக்கு அன்று இரண்டாம் நாள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். முதல் பொய் அதுதான். நான் வாய் திறந்து சொல்லக்கூட இல்லை.

வவுனியாவில் ஒரு பெண்நோய் டொக்டரிடம் கொண்டுபோனேன். மன்னாரிலேயே காட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வாங்கிலில் போய் உட்கார்ந்தாலும் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் வந்து இருக்கும். அந்த டொக்டரம்மா ஸ்கான் பார்த்தார், பிறகு வயிற்றில் மூன்று சிறிய துளை போட்டுக் கமராவை விட்டுப் பார்த்தார். வருத்தத்தின் பெயர் எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்பக்கத்தில் இருக்கவேண்டிய தசை போன்றதொன்று, கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலின் மேலும் வளர்ந்திருக்கும். மாதா மாதம் உள்ளே இரத்தம் கசிகிற நேரம் அதுவும் கசியும். அந்த இரத்தத்துக்கு வெளியே வர வழியில்லை. உள்ளேயே நின்று புண்ணாகி, ஒன்றோடொன்று ஒட்டிப்பிடிக்கும். ஒன்பது வருடமாக என் பிள்ளைக்குள் நடந்தது இது. நான் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டிய வரைக்கும் எரித்துவிட்டதாகச் சொன்னார். திரும்ப வளராமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை தந்தார். அது குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பாவிக்கிற அதே குளிசை. ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதித் தந்து, கடைசியாக இப்படிச் சொன்னார்:

"இந்த வருத்தம் உள்ள ஆக்களில சிலருக்கு வேற நிர்ப்பீடன, அதாவது நோயெதிர்ப்புக் குழம்பிற வருத்தங்களும் வரலாம். எல்லாருக்கும் இல்லை, பயப்படாதேங்கோ. ஆனால் மூட்டு நோவோ, முகத்தில சிவப்போ, வாயில புண்ணோ வந்தால் விடாதேங்கோ. எந்த டொக்டரிட்டப் போனாலும் இந்தக் கொப்பியைக் காட்டுங்கோ."

எங்கள் நாட்டில் கிளினிக் கொப்பி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணப் பாடசாலைக் கொப்பிதான். நோயாளியே வாங்கி, பெயர் எழுதிக் கொண்டுபோக வேண்டும். டொக்டர் பார்த்ததையும் கொடுத்த மருந்தையும் அதிலே எழுதுவார். திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவோம். அடுத்த டொக்டருக்கு நோயாளியைப் பற்றித் தெரிவது பெரும்பாலும் அந்தக் கொப்பியில் இருப்பதுதான். கொப்பி நம்முடைய கையில் இருக்கிறது. எதைக் கொண்டுபோகிறோம், எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதும் நம்முடைய கையில்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொப்பிக்குப் பழுப்புக் கடதாசியில் உறை போட்டேன். பிள்ளைகளின் கொப்பிகளுக்குப் போடுகிற மாதிரி மூலை மடித்து, வடிவாக. உறையில் பெயர் எழுதவில்லை. அலுமாரியின் மூன்றாம் தட்டில், என் கூறைச் சேலைக்குக் கீழே வைத்தேன். ஊருக்கு அப்பன்டிக்ஸ் என்றேன். மகளுக்கும் அப்படியே சொல்லச் சொன்னேன். இவரும், அதாவது என் கணவரும், கடற்கரையில் கேட்டவர்களுக்கு அதையே சொன்னார்.

ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. பிள்ளை பெறுவது கஷ்டமாகலாம் என்று டொக்டரம்மா சொல்லியிருந்தார். கலியாணம் ஆகாத பிள்ளை குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுகிறது என்று வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு கதை கட்டும்.

அடுத்த வருடம் பக்கத்து ஊரான தாழ்வுபாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் கட்டாரில் வேலை, அமைதியான பிள்ளை. அவனுடைய மாமி மெற்றில்டா எங்கள் ஆஸ்பத்திரியின் கிளினிக் மண்டபத்தில் சிற்றூழியர். காலையில் எல்லோருடைய கொப்பிகளையும் வாங்கி அடுக்குவதும், பெயர் கூப்பிடுவதும் அவர்தான். பெண் பார்க்க வந்த அன்று, எனக்கு முன்னால் இருந்து பால்தேத்தண்ணி குடித்தார். அன்றைக்கே முடிவெடுத்தேன், அந்தப் பழுப்புக் கொப்பி இந்த மண்டபத்துக்குள் போகக்கூடாது என்று.

அந்த மழைக்காலம் சிக்குன்குனியா வந்தது. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவர் சுவரைப் பிடித்து நடந்தார்கள். எனக்கும் வந்தது, இவருக்கும் வந்தது. ஜெனிற்றாவுக்கும் காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தபோது யாரும் இரண்டாம் தரம் யோசிக்கவில்லை. எங்களுக்கு மாறியது. அவளுக்கு மாறவில்லை. காலையில் விரல்களை மடக்க ஏலாது. அவள் படிப்பிக்கிற முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டியைத் திறந்து கொடுக்க முடியாமல், பிள்ளைகளையே திறக்கச் சொல்லுவாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. கன்னம் இரண்டும் சிவந்தது. வெயில் என்றேன். குடை பிடித்துப் போ, கலியாணத்துக்கு முன் கறுத்துப் போகாதே என்றேன்.

கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியின் மருத்துவக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதுக் கொப்பி வாங்கி, அதற்கும் உறை போட்டு, இந்த முறை பெயரும் எழுதினேன். மெற்றில்டா வாங்கி அடுக்கில் வைத்தார். எங்களைக் கண்டதும் சிரித்து, மருமகளுக்குக் கொஞ்சம் கெதியாப் பெயர் கூப்பிடுறன் என்றார்.

உள்ளே இருந்த டொக்டர் ஒழுங்காகத்தான் கேட்டார். முன்பு ஏதாவது ஒப்பரேஷன் செய்திருக்கிறதா? கதவு திறந்திருந்தது. மெற்றில்டா வாசலில் அடுத்த கொப்பியோடு நின்றார். ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க ஏலவில்லை. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

"அப்பன்டிக்ஸ்" என்றேன்.

வேறு மருந்து ஏதாவது போடுகிறாவா என்றார். இல்லை என்றேன்.

அவர் என் வாயில் வந்ததை அப்படியே எழுதினார். சிக்குன்குனியாவுக்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் நோ நிற்கும் என்று சொல்லி மருந்து தந்தார். இரத்தம் சோதிக்கவும் எழுதியிருந்தார், அடுத்த முறை வரும்போது றிப்போட்டைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த முறையும் அதற்கு அடுத்த முறையும் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. கலியாண வேலை இருந்தது. அவர் மீது ஒரு குறையும் சொல்லமாட்டேன். பாதிக் கொப்பியைக் கொடுத்துவிட்டு முழு வருத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது நான்.

கோயிலில் முதலாவது கலியாண அறிவித்தல் வாசித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்குச் சுவாமி இரண்டு பேருடைய பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்றார். வழமையாகச் சொல்லுகிற சொல்தான். ஆனாலும் நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை, முன்பள்ளிக்குப் போகச் செருப்பை எடுத்த ஜெனிற்றா போட முடியாமல் நின்றாள். இரண்டு காலும் சில வாரமாக வீங்கித்தான் இருந்தன, ஆனால் அன்று இடது கால் மட்டும் தூண் மாதிரி. ஓட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. அம்மா, ஆரோ நெஞ்சில ஏறி இருக்கினம் என்றாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒக்சிசன் வைத்தார்கள். சிறுநீரைச் சிறு குழாயில் எடுத்துப் பார்த்த நேர்ஸ் மிஸ், இது எத்தனை நாளா நுரைக்குது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஜெனிற்றாதான் முகமூடியை விலக்கி, மூன்று மாசம் என்றாள். ஒரு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணம் அனுப்ப முடிவெடுத்தார்கள்.

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, பூநகரி வீதியால் அம்புலன்ஸ் போனது. அந்தப் பாதையால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கடல் எந்தப் பக்கம் வரும், எந்த இடத்தில் பாதை குலுங்கும் என்று தெரியும். அன்று யன்னலே இல்லாத பெட்டிக்குள் இருந்து, ஒக்சிசன் சிலிண்டரின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது அவளுடைய உதடு நீலமாக இருந்தது.

அன்று பின்னேரமே நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து ஸ்கான் எடுத்தார்கள். காலில் உறைந்த இரத்தக் கட்டியொன்றின் துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. இன்னொரு துண்டு போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க ஊசி தொடங்கினார்கள்.

அடுத்த நாள் காலை வாட்டு டொக்டர் ஒருவர் வந்தார். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கையில் ஸ்கான் றிப்போட். என்னைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார்.

"அம்மா, அப்பன்டிக்ஸ் எடுத்ததெண்டு மன்னார்க் கொப்பியில எழுதியிருக்கு."

"ஓம்."

"எடுக்கேல்லை. ஸ்கானில வடிவாத் தெரியுது." றிப்போட்டை மடித்தார். "அப்ப அந்த மூண்டு தழும்பும் என்னத்துக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ஜெனிற்றாதான் சொன்னாள். மூச்சு எடுத்து எடுத்து, ஒவ்வொரு சொல்லாக. எண்டோமெற்றியோசிஸ். இரண்டு வருசமாக் குளிசை போடுறன். இண்டைக்கும் பையில கிடக்கு. டொக்டர் அந்தக் குளிசை மட்டையை வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. என்னை ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இனி இது ஒண்டும் வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லி, மட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

பழைய கொப்பி வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்த இவருக்கு ரெலிபோன் எடுத்து, அலுமாரி, மூன்றாம் தட்டு, கூறைச் சேலைக்குக் கீழே என்றேன். சேலையை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கொப்பித் தாள்கள் புரளுகிற சத்தம்.

"இதை அங்க கொண்டுபோகேல்லையா நீ?"

நான் அழுதேன்.

"அப்பன்டிக்ஸ் எண்டது ஊருக்குச் சொன்னதெண்டுதானே நான் நினைச்சனான்" என்றார். "டொக்டருக்கும் அதையா சொன்னனீ?"

அன்று மத்தியானமே இவர் பஸ் ஏறி, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெண்கள் வாட்டில் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. காவலாளியிடம் கொடுத்துவிட்டு, மகளைப் பார்க்காமல் வெளியே மரத்தடியில் இருந்தார்.

இரண்டு நாளில் பெரிய டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விளக்கினார். வருத்தம் லூப்பஸ். கிருமி வந்தால் எதிர்க்கவேண்டிய நிர்ப்பீடனம், சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். "சண்டைக் காலத்தில எங்கட சோதனைச் சென்றியில நிண்டவங்களைத் தெரியும்தானே" என்றார். "அடையாள அட்டை இருந்தாலும் வீட்டுக்காரனையே பிடிச்சு வைச்சிருப்பாங்கள். அதுமாதிரி." அவளுடைய மூட்டையும் தோலையும் தாக்கி, இப்போது சிறுநீரகத்துக்கு வந்திருந்தது. வடிகட்டவேண்டிய இடம் ஓட்டையாகிப் புரதம் வெளியே போகிறது. அதுதான் நுரை, அதுதான் இரண்டு காலும் வீங்கினது.

நான் கேட்டேன், அந்தப் பழைய வருத்தத்தால் இது வந்ததா என்று. அப்படிச் சொல்ல ஏலாது என்றார். எண்டோமெற்றியோசிஸ் உள்ள பெண்களில் இந்த மாதிரி வருத்தங்கள் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறதா, இரண்டுக்கும் வேர் ஒன்றா என்று இன்னும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பெரும்பாலான பெண்களுக்கு வருவதே இல்லை. "ஆனால் அந்தச் சரித்திரம் தெரிஞ்சிருந்தால், மூட்டு நோ எண்டு வந்த அண்டைக்கே ஒருத்தர் கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சிருப்பார்" என்றார். குளிசையைப் பற்றியும் சொன்னார். மற்றப் பெண்களுக்கு நல்ல மருந்துதான் அது. லூப்பஸ் மூண்டிருக்கிற உடம்பில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். கட்டிக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன் என்றார். அவர் நல்ல மனிதர், அதனால் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். வவுனியா டொக்டரம்மா ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார், மூட்டு நோ வந்தால் இன்ன இரத்தச் சோதனை செய்யவும் என்று. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். உறை போடும்போது அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தது என் விரல்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மூன்று நாள் பெரிய அளவில் ஸ்ரெரொயிட் ஏற்றினார்கள். முகம் ஊதியது. பசி வந்து, சோற்றைக் கண்டதும் அழுதாள். சிறுநீரகத்தில் நூல் போல ஒரு துண்டு ஊசியால் எடுத்துச் சோதிக்கவேண்டும். அதற்கு இரத்தம் உறையாமல் வைக்கிற ஊசியை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் கட்டி நகரலாம். நிறுத்தாமல் எடுத்தால் உள்ளே இரத்தம் போகலாம். காலையில் எடுப்போம் என்பார்கள், இரத்த றிப்போட் வந்ததும் நாளைக்கு என்பார்கள். ஒவ்வொரு நாளும் அவள் சாப்பிடாமல் காத்திருந்து, பின்னேரம் ஆறிய சோற்றைச் சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர், சாவகச்சேரியிலிருந்து வந்தவர், கேட்காமலே தன் மகள் கொண்டுவந்த குழம்பைச் சூடாக ஊற்றிவிடுவார். அதே வரிசையில் ஒரு பிள்ளைக்கு ஒரு விடியற்காலை திரை இழுத்தார்கள். திரும்பத் திறந்தபோது கட்டிலில் விரிப்பு மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் இதே வருத்தம் என்று நேர்ஸ்மார் கதைத்தது ஜெனிற்றாவின் காதில் விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

துண்டு எடுத்து றிப்போட் வந்தது. கடுமையான நிலை. சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஒரு பலமான மருந்தை மாதம் ஒருமுறை ஏற்றவேண்டும். அந்த மருந்து சூலகத்தைப் பாதிக்கலாம். ஏற்கெனவே வருத்தம் அரித்த சூலகம். வேறொரு மருந்தும் இருக்கிறது, அவளுடைய நிலைக்கு முதலில் இதுதான் நல்லது என்று பெரிய டொக்டர் நினைத்தார். ஆனாலும் சம்மதம் வேண்டும். பத்திரத்தை நீட்டினார். பழக்கத்தில் நான் கை நீட்டினேன்.

"அம்மா" என்றாள் ஜெனிற்றா. "நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வெளியே போனேன். கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. அவள் நிறையக் கேள்வி கேட்டாள். வீங்கிய விரலால் பேனையைப் பிடிக்க முடியாமல் இரண்டு தரம் விழுத்தினாள். டொக்டர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தரம் எழுதினாள். என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை கட்டாரிலிருந்து இரண்டு முறை ரெலிபோன் எடுத்தான். மூன்றாம் முறை எடுக்கவில்லை. இரண்டாவது அறிவித்தலை வாசிக்கவேண்டாம் என்று இவரே போய்ச் சுவாமியிடம் சொன்னார். தாழ்வுபாட்டுக்காரர் ஒரு வார்த்தை பிழையாகக் கதைக்கவில்லை. பிள்ளைக்குச் சுகம் வரட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். எதை மறைத்து எந்தக் கலியாணத்தை நடத்த நினைத்தேனோ, அது அவ்வளவு சத்தமில்லாமல் முடிந்தது.

ஐந்தாவது வாரம் வீட்டுக்கு விட்டார்கள். இரண்டு நாள் கழித்து மெற்றில்டா வந்தார். பிளாஸ்கில் கஞ்சி, ஒரு சீப்பு வாழைப்பழம். நான் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டுதான் மறைச்சனான் என்பதையும் சொன்னேன். அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, திரும்ப மூடினார்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே ரீச்சர்" என்றார் கடைசியில். "சம்பந்தம் போயிருக்கும். அது வேற கதை. ஆனால் நான் ஆர்? கொப்பி அடுக்கிறவள். ஒண்டுக்கு மேல ஒண்டை வைச்சு உள்ளுக்குக் குடுத்திருப்பன். அவ்வளவுதானே வேலை."

கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. போகும்போது ஜெனிற்றாவின் தலையைத் தடவினார். கையோடு வந்த முடியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போனதை நான் கண்டேன்.

மன்னாரில் முதல் கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின நாள், இவர் இரண்டு கொப்பியையும் கேட்டு வாங்கினார். நான் போட்ட உறைகளைக் கிழித்தார். வலை பொத்துகிற நைலோன் நூலால், முதுகோடு முதுகு வைத்து, இரண்டையும் சேர்த்துத் தைத்தார். முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

"இனி ஒண்டை விட்டிட்டு ஒண்டைக் கொண்டுபோக ஏலாது" என்றார். அதைத் தவிர இந்த விடயத்தில் அவர் என்னிடம் வேறெதுவும் பேசியதில்லை.

எனக்கு அவளுடைய சிறுநீரகம் தாங்குமா என்று தெரியாது. மருந்தில் இன்னும் இரண்டு தவணை இருக்கிறது. போன றிப்போட்டில் புரதம் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் சந்தோசப்படும் அளவுக்கு இல்லை என்றார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசையைத் தொடர்ந்து போடவேண்டும். வெயிலில் போகக்கூடாது. தீவில் வெயிலில் போகாமல் எங்கே போவது? குடையோடு முன்பள்ளி வாசல் வரைக்கும் போய், பிள்ளைகள் வெளியே வரும்வரை நின்று பார்த்துவிட்டு வருகிறாள். மாத நோவும் திரும்பத் தொடங்கியிருக்கிறது. இப்போது அவள் அதை என்னிடம் சொல்வதில்லை. சிவப்புப் பேனையால் தானே கொப்பியில் நாள் குறிக்கிறாள்.

அந்த முதல் கிளினிக்கைச் சொல்லி முடிக்கிறேன். காலை ஆறரைக்கே மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஒழுங்கை ஆட்கள் நாலைந்து பேர், என் பழைய மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு. மெற்றில்டா கொப்பிகளை வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுடையதை வாங்கியபோது நைலோன் நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தார். கெதியாகக் கூப்பிடவில்லை. எங்கள் முறை வரும்போதுதான் கூப்பிட்டார்.

உள்ளே புது டொக்டர். பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார். தடித்த கொப்பியைக் கண்டு, முழுவதும் பிறகு வாசிக்கிறேன், முதலில் நீங்களே சொல்லுங்கோ என்றார். முன்பு ஏதாவது ஒப்பரேஷன் செய்திருக்கிறதா?

வாசலில் மெற்றில்டா அடுத்த கொப்பியோடு நின்றார். அவருக்குப் பின்னால் வாங்கில்களில் நிறையச் சனம். ஜெனிற்றா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பன்டிக்ஸ் என்று சொன்ன அன்று பார்த்த அதே பார்வை.

நான் வருத்தத்தின் பெயரைச் சொன்னேன். ஒன்பது வருடம் நொந்ததைச் சொன்னேன். என்ன குளிசை போட்டாள், எத்தனை வருடம் போட்டாள் என்று சொன்னேன். இதே அறையில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். வாங்கில்களில் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது.

கதவைச் சாத்தட்டோ என்று மெற்றில்டா கேட்டார்.

வேண்டாம் என்றாள் ஜெனிற்றா.